வைட்ஃபீல்டில் பழைய மரமும் தச்சுச் சொற்களும்: ஒரு வரலாற்று நோக்கு

1. முன்னுரை

தொழிற்சொற்களின் வரலாற்றை எழுத முற்படுவோர் பெரும்பாலும் நிகண்டுகளையும் அகராதிகளையும் கல்வெட்டுகளையும் நாடுவர். பட்டறையை நாடுவோர் சிலரே. ஆயினும் ஒரு தொழில் ஒரு சமூகத்தாரிடமிருந்து மற்றொரு சமூகத்தாரிடம் செல்லும்போது அதன் சொற்களுக்கு என்ன நேர்கிறது என்பதை அகராதி உடனே காட்டுவதில்லை. கருவி அப்படியே இருக்க, அதன் பெயர் மாறிவிடுகிறது. சில வேளைகளில் பெயர் நிற்க, கருவி மறைந்துவிடுகிறது. இவ்விரு நிலைகளையும் ஒருசேரக் காண்பதற்கு ஏற்ற இடங்களுள் ஒன்று பெங்களூரின் கிழக்குப் பகுதியில் அமைந்துள்ள வைட்ஃபீல்ட் ஆகும்.

வைட்ஃபீல்டும் அதனைச் சூழ்ந்த பகுதிகளும் இன்று மென்பொருள் நிறுவனங்களாலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளாலும் அறியப்படுகின்றன. இத்தகைய சூழலில் தச்சுவேலையை ஓய்வுநேர ஈடுபாடாக மேற்கொள்ளும் ஒரு புதிய பிரிவினர் உருவாகியுள்ளனர். இடிக்கப்பட்ட வீடுகளின் மரத்தையும், தொழிற்கூடங்கள் கழித்துவிடும் பெட்டிப் பலகைகளையும், சாய்ந்த சாலை மரங்களின் துண்டங்களையும் கொண்டு இவர்கள் மேசை, அலமாரி, விளக்குத்தண்டு முதலியவற்றைச் செய்கின்றனர். இவர்கள் கையாளும் மரம் பழையது. கருவிகளிற் பலவும் பழையவை. ஆனால் அவற்றுக்கு இவர்கள் வழங்கும் பெயர்கள் பெரும்பாலும் ஆங்கிலம். கூலிக்கு வேலை செய்யும் தச்சருள் பலர் வடஇந்தியாவிலிருந்து வந்தவர்களாதலின், பட்டறைகளில் இந்திச் சொற்களும் செல்வாக்குப் பெற்றுள்ளன. இப்பகுதியில் நெடுங்காலமாக அருகருகே வழங்கிய தமிழ், கன்னடத் தச்சுச் சொற்கள் இவ்விரண்டுக்கும் இடையே ஒதுங்கி நிற்கின்றன.

அச்சொற்களின் வரலாற்று அடுக்குகளை எடுத்துக்காட்டுவதும், அவ்வடுக்குகளை அறிவதனால் மொழிபெயர்ப்பாளருக்கு விளையும் பயனைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும். கன்னடச் சொற்கள் இங்குத் தமிழ் எழுத்தில் தரப்பட்டுள்ளன. அவற்றுள் பகரத்தில் தொடங்குவனவற்றின் முதலொலி, சிறப்பாகக் குறித்தாலன்றி, ஒலிப்புடையது எனக் கொள்க.

2. குடியிருப்பின் வரலாறு

மைசூர் ஆட்சி 1881இல் உடையார் மரபினரிடம் மீண்டும் ஒப்படைக்கப்பட்டது. அடுத்த ஆண்டில், பத்தாம் சாமராஜ உடையார் ஏறத்தாழ 3,900 ஏக்கர் நிலத்தை மைசூர், குடகு யூரேசியர் ஆங்கிலோ-இந்தியர் சங்கத்துக்கு வழங்கினார். அந்நிலத்தில் உழவை அடிப்படையாகக் கொண்ட ஒரு குடியிருப்பை அமைப்பது சங்கத்தின் திட்டம். அம்முயற்சிக்கு முன்னின்ற டி. எஸ். ஒயிட்டின் பெயரே ஊருக்கு அமைந்தது. வட்ட வடிவிலான திறந்தவெளியைச் சுற்றி வீட்டு மனைகள் வகுக்கப்பட்டன. உள்வட்டம், வெளிவட்டம் என்னும் பொருள்தரும் ஆங்கிலப் பெயர்கள் அங்கு இன்றும் வழங்குகின்றன. பெங்களூரைச் சோலையார்பேட்டையுடன் இணைக்கும் இருப்புப்பாதை 1864இலேயே திறக்கப்பட்டுவிட்டதனால், குடியிருப்புக்குத் தொடக்கம் முதலே சென்னை மாகாணத்துடன் நேரடித் தொடர்பு இருந்தது.

இவ்வட்டாரத்தில் தமிழ் வழங்கியமை குடியிருப்புக்கு மிக முந்தியது. பெங்களூரிலிருந்து வைட்ஃபீல்ட் நோக்கிச் செல்லும் வழியிலுள்ள தொம்மலூர்ச் சொக்கநாதர் கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. அவற்றுள் 1270ஆம் ஆண்டைச் சார்ந்த ஒன்று, அழகியார் என்பவர் கதவு நிலைக்கால்கள் இரண்டைக் கொடையாக அளித்ததைக் கூறுகிறது. வீட்டின் உறுப்புகளுள் நிலைக்குத் தனி மதிப்பு உண்டு. இன்றும் நிலை வைக்கும் நாள் வீடுகட்டுவோருக்கு விழாநாளாகும். பழைய வீட்டை இடிப்போர் முதலில் விலைபேசுவதும் நிலையையும் கதவையுமே என்பது கருதத்தக்கது. 1809இல் பெங்களூர்ப் படைக்குடியிருப்பு நிறுவப்பட்ட பின்னர், தமிழ் பேசும் கைவினைஞரும் வணிகரும் பணியாளரும் பெருமளவில் அங்குக் குடியேறினர்.

அக்காலப் பங்களாக்களின் கட்டுமானத்தில் மரத்தின் பங்கு மிகுதி. பாசல் மிஷன் 1865இல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கிய பின்னர் மங்களூர் ஓடு தென்னிந்தியா முழுவதும் பரவியது. ஓட்டுக்கூரைக்கு உத்திரம், கைமரம், குறுக்குச் சட்டம் ஆகியன வேண்டும். சன்னல்களுக்கு மேலே கூரான முகடும் மரப் பின்னலும் கொண்ட மறைப்புகள் அமைக்கப்பட்டன. 'மங்கி டாப்' என அழைக்கப்படும் இம்மறைப்பு பெங்களூர்க் கட்டடக்கலைக்கே உரியதாகக் கருதப்படுகிறது. குரங்குகள் அதன்மேல் அமர்வதனால் அப்பெயர் வந்தது என்பர்.

ஓடு தாங்கும் மெல்லிய சட்டத்துக்குத் தமிழ்த் தச்சர் வழங்கும் பெயர் 'ரீப்பர்' என்பதாகும். இதனை ஆங்கிலச் சொல் எனக் கருதி ஒதுக்கும் போக்கு உண்டு. யூல், பர்னெல் ஆகியோர் 1886இல் வெளியிட்ட ஹாப்சன்-ஜாப்சன் அகராதி இச்சொல்லைத் தனிப்பதிவாகத் தந்து, இந்தி அகராதிகளில் இது காணப்படவில்லை என்றும், மராத்தியில் இதே பொருளில் 'ரீப்' என்னும் சொல் உள்ளது என்றும் குறிப்பிடுகிறது. அவ்வாறாயின், மராத்திச் சொல் ஒன்று ஆங்கில உருப்பெற்று, கட்டட ஒப்பந்தக்காரர் வழியாகத் தமிழ்ப் பட்டறைக்கு வந்தது என்றாகிறது. ஒரு சொல்லின் புறவடிவைக் கொண்டே அதன் பிறப்பை முடிவுசெய்தல் எத்துணைப் பிழையானது என்பதற்கு இது தக்க சான்று.

3. மரம் வந்துசேரும் வழிகள்

ஓய்வுநேரத் தச்சர் கைக்கு வரும் மரம் நான்கு வழிகளில் வருகிறது. முதலாவது, பெங்களூரின் பழைய வீடுகள். 1990களின் பிற்பகுதியில் வைட்ஃபீல்டில் தொழில்நுட்பப் பூங்கா செயற்படத் தொடங்கிய பின்னர் நிலமதிப்பு உயர்ந்தது. பங்களாக்கள் பல அடுக்குமாடிகளுக்கு இடம்கொடுத்தன. அவற்றின் உத்திரங்களும் கதவுகளும் பழைய சாமான் வணிகர் வழியாகக் கைமாறின.

இரண்டாவது, செட்டிநாடு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடங்கி ஒரு நூற்றாண்டுக் காலம் நகரத்தார் கட்டிய வீடுகளில் பர்மாத் தேக்கு மிகுதியாகப் பயன்பட்டது. 1942இல் நேர்ந்த சப்பானியப் படையெடுப்பும், 1960களில் பர்மிய அரசு மேற்கொண்ட நாட்டுடைமை நடவடிக்கைகளும் அவர்தம் பர்மா வணிகத்துக்கு முடிவுகட்டின. பேணுதற்கு இயலாத வீடுகள் பிரிக்கப்பட்டன. அவற்றின் தூண்களும் கதவுகளும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளை அடைந்து, அங்கிருந்து பெரு நகரங்களுக்குச் சென்றன. வீட்டையே பிரித்தெடுத்து மற்றோரிடத்தில் மீண்டும் நிறுவும் முயற்சியும் நடைபெற்றது. சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில் உள்ள செட்டிநாட்டு வீடு அத்தகையது.

மூன்றாவது, சரக்குத் தாங்கும் பலகைச் சட்டங்கள். 'பேலட்' எனப்படும் இவை பெரும்பாலும் ஊசியிலை மரத்தாலானவை. இறக்குமதிப் பொருள்களுடன் தொழிற்பேட்டைகளுக்கு வந்து கழிக்கப்படுகின்றன. 2002இல் ஏற்றுக்கொள்ளப்பட்ட பன்னாட்டுப் பயிர்ப்பாதுகாப்பு விதியின்படி இவற்றின்மீது முத்திரை இடப்படும். 'எச்.டி.' என்னும் எழுத்துகள் வெப்பத்தால் பூச்சி நீக்கப்பட்டதையும், 'எம்.பி.' என்பன மெத்தில் புரோமைடு என்னும் நச்சுவளி ஊட்டப்பட்டதையும் குறிக்கும். இரண்டாவது முத்திரை உள்ள பலகையை வீட்டுப் பொருளாக்குதல் கூடாது என்பது பயிற்சி வகுப்புகளில் முதலில் கற்பிக்கப்படும் பாடங்களுள் ஒன்று. இரண்டே எழுத்துகளைப் படிக்கத் தெரிதல் இங்கு உடல்நலத்தைக் காக்கும் அறிவாகிறது.

நான்காவது, சாலை மரங்கள். 1976ஆம் ஆண்டின் கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டம் நகர மரங்களை வெட்டுவதற்கு அனுமதி வேண்டும் என விதிக்கிறது. அனுமதி பெற்று வெட்டப்பட்டவையும் காற்றில் சாய்ந்தவையுமான தூங்குமூஞ்சி மரங்களின் அகன்ற துண்டங்கள், பட்டையொட்டிய விளிம்பு சீவப்படாமலே மேசைகளாகின்றன. கிருஷ்ணராஜபுரத்திலிருந்து வைட்ஃபீல்ட் வரையிலான மெட்ரோ பாதை 2023 மார்ச்சில் திறக்கப்பட்டது. இத்தகைய பெரும்பணிகளின்போது நகரம் மரங்களை இழப்பதும், இழந்த மரத்தைப் பயன்படுத்தும் வேட்கை மிகுவதும் உடன்நிகழ்ச்சிகளாக உள்ளன.

பழைய மரத்தின் மதிப்பு உயர்ந்ததற்குச் சட்டப் பின்னணியும் உண்டு. கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில் உச்சநீதிமன்றம் 1996 டிசம்பர் 12 அன்று பிறப்பித்த ஆணை, முறையான செயல்திட்டம் இன்றிக் காடுகளில் மரம் வெட்டுவதை நாடு முழுவதும் நிறுத்தியது. காட்டுமரத்தின் வரவு சுருங்கியபோது, ஏற்கெனவே வெட்டப்பட்டு ஒரு நூற்றாண்டு உலர்ந்துவிட்ட மரம் மேலும் விரும்பப்படலாயிற்று.

4. மரப்பெயர்கள்

பழைய மரம் வாங்குவோர் முதலில் எதிர்கொள்ளும் சிக்கல் பெயர். கடைக்காரர் கன்னடத்திலும் தச்சர் தமிழிலும் வாங்குபவர் ஆங்கிலத்திலும் பெயர் சொல்கின்றனர். இவற்றுள் தமிழ், கன்னடப் பெயர்கள் பல ஒரே மூலத்தின. தொன்மையான வகரம் கன்னடத்தில் சொல்முதலில் ஒலிப்புடைப் பகரமாகும் என்பது ஒப்பிலக்கணத்தார் நன்கறிந்த விதி. வேம்பு 'பேவு' என்றும், வாகை 'பாகெ' என்றும், வன்னி 'பன்னி' என்றும் வழங்குவது இதனால். மலையாளத்தில் வீட்டி என்றும் வழங்கும் ஈட்டிமரம் கன்னடத்தில் 'பீட்டெ' ஆவதும் இத்தொடர்பினதே. வாயில் என்னும் சொல் 'பாகிலு' என நிற்பதும் இவ்விதிக்கு அடங்கும்.

மற்றொரு விதி, சொல்முதற் பகரம் ஏறத்தாழப் பத்தாம் நூற்றாண்டு தொடங்கிக் கன்னடத்தில் ஹகரமாக மாறியது என்பதாகும். பலா 'ஹலசு', புங்கு 'ஹொங்கெ', புளி 'ஹுணிசெ' என வருவன இதற்கு எடுத்துக்காட்டுகள். இவ்விரு விதிகளையும் அறிந்த ஒருவர், கடையில் கேட்கும் பெயரைக் கொண்டே மரத்தின் தமிழ்ப்பெயரைப் பல இடங்களில் உய்த்துணரலாம்.

ஆனால் விதி எல்லா இடத்திலும் கைகொடுக்காது. 'ஹொன்னெ' என்பது வடிவால் புன்னையை நினைவூட்டினும், கன்னட மரக்கடையில் அது வேங்கையைக் குறிக்கும். 'நீலகிரி' என்பது கன்னடத்தில் மலையின் பெயராக மட்டுமன்றித் தைலமரத்தின் பெயராகவும் வழங்குகிறது. கர்நாடக அரசு 2017இல் தைலமரம் நடுவதைத் தடைசெய்தபோது, கன்னடச் செய்தியில் வந்த 'நீலகிரி'யைத் தமிழ் வாசகர் மலை என்று கொள்வதற்கு இடமிருந்தது. தூங்குமூஞ்சி என்னும் தமிழ்ப்பெயர் அந்தியில் இலை கூம்பும் இயல்பை நோக்கியது. 'மளெ மர' என்னும் கன்னடப் பெயரோ மழையோடு தொடர்புடையது. அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்த ஒரே மரத்தை இரு மொழியினரும் இருவேறு வகையில் நோக்கியுள்ளனர்.

தேக்கின் வரலாறு தனித்துக் கூறத்தக்கது. தமிழில் தேக்கு, மலையாளத்தில் தேக்கு, கன்னடத்தில் தேக என்று வழங்கும் இச்சொல் போர்த்துக்கேய மொழியில் 'தெக்கா' ஆகி, அதன்வழி ஆங்கிலம் புகுந்தது. இம்மரத்துக்கு இளைய லின்னேயசு 18ஆம் நூற்றாண்டில் இட்ட இனப்பெயர் 'தெக்தோனா' என்பது. கிரேக்க மொழியில் தச்சனைக் குறிக்கும் 'தெக்தோன்' என்னும் சொல்லையும் திராவிடப் பெயரையும் ஒருங்கே நினைவூட்டுவது இது. அக்கிரேக்கச் சொல் சமசுகிருதத் 'தக்ஷன்' என்பதற்கு இனமானது. 'தச்சன்' என்பது அதனின்று வந்ததாகக் கருதப்படுகிறது. மரமும் அதனை வெட்டுபவனும் ஒரே பெயரின் நிழலில் சந்திப்பது தற்செயலேயாயினும் சுவையானது.

5. கருவிப்பெயர்களின் அடுக்குகள்

தச்சரைக் குறிக்கும் சொல் தமிழிலும் கன்னடத்திலும் வேறுபடுகிறது. கன்னடத்தில் வழங்கும் 'படகி' என்பது சமசுகிருத 'வர்தகி' என்பதன் பிராகிருத வடிவின் வழிவந்தது. இரு மொழிகளும் தொழிலாளியின் பெயரை வடக்கிலிருந்து வெவ்வேறாகப் பெற்றுள்ளன. ஆனால் அவன் கையிலுள்ள கருவிகளின் பெயர்களிற் பல திராவிட மூலத்தன. உளி இரு மொழிக்கும் பொது. அரம் கன்னடத்தில் 'அர' ஆகும். துரத்தல் என்னும் வினைக்குத் துளைத்துச் செல்லுதல் என்னும் பொருள் உண்டு. அதனடியாகப் பிறந்தது துரப்பணம். வாள் என்பது போர்க்கருவியையும் அறுக்கும் கருவியையும் குறித்தது. ஈர்தல் வினையோடு கூடி ஈர்வாள் ஆயிற்று.

சொல்லாக்க நெறியிலும் ஒற்றுமை உள்ளது. மரத்தை வழவழப்பாக்கும் கருவி தமிழில் இழைப்புளி, கன்னடத்தில் 'கீசுளி'. இழைத்தல், கீசுதல் என்னும் வினைகளோடு உளி சேர்ந்து இவை அமைந்தன. ஒன்று மற்றொன்றின் மொழிபெயர்ப்பு எனக் கொள்ளவேண்டுவதில்லை. கருவியின் வாய்க்குள் செருகப்பட்டிருப்பது உளியே என்பதை இரு மொழித் தச்சரும் கண்டிருந்தனர் எனலாம். 

வாய்ச்சி என்னும் கருவி வேறோர் அடுக்கைக் காட்டுகிறது. மரத்தைத் தன் பக்கமாகக் கொத்திச் செதுக்க உதவும் இக்கருவி கன்னடத்தில் 'பாசி', இந்தியில் 'பசூலா'. மூன்றும் 'வாசீ' என்னும் சமசுகிருதச் சொல்லோடு தொடர்புடையன. இன்று இந்தி பேசும் தச்சர் பசூலா என்று கேட்கும்போது, அருகில் நிற்கும் தமிழ்த் தச்சருக்கு அது அயற்சொல்லாகவே படுகிறது. உறவு அறியப்படாமையால் இருவரும் ஆங்கிலத்தை இடையில் வைக்கின்றனர்.

இந்தித் தச்சரின் 'ரந்தா' பாரசீகம் வழி வந்தது. இழைப்புளி என்னும் பெயரை அது பல இடங்களில் இடம்பெயர்த்துவிட்டது. மின்கருவி வந்தபோது மரபுப்பெயர் அதனுடன் சேர்த்து வழங்கப்படாமையும் இதற்கு ஒரு காரணம். துரப்பணத்தின் நிலை இதற்கு மாறானது. கயிறும் வில்லும் கொண்டு சுழற்றும் அக்கருவி பட்டறையினின்று ஏறத்தாழ மறைந்துவிட்டது; ஆனால் அப்பெயர் எண்ணெய், எரிவளிக் கிணறு தோண்டும் பணிக்குத் தமிழ்ச் செய்தித்தாள்களால் எடுத்தாளப்பட்டு இன்று நிலைபெற்றுள்ளது.

6. வீட்டுப் பொருள்களின் பெயர்கள்

செய்யப்படும் பொருள்களின் பெயர்களில் அயன்மொழித் தொடர்பு மேலும் தெளிவாகிறது. சன்னல், மேசை, அலமாரி, கிராதி, சாவி, மேஸ்திரி ஆகியன போர்த்துக்கேயம் வழி வந்தவை. பழைய மரம் விலைபோகும் ஏலமும் அவ்வாறே. கடற்கரைத் துறைமுகங்கள் வழியாக இவை தமிழை அடைந்தன. உள்நாட்டில் பாரசீகச் செல்வாக்கிற்கும் மராத்தியச் செல்வாக்கிற்கும் உட்பட்ட கன்னடமோ இதே பொருள்களிற் சிலவற்றுக்கு வேறு சொற்களைப் பெற்றது. சன்னலுக்குக் 'கிடகி', நாற்காலிக்குக் 'குர்ச்சி', மேசைக்கு 'மேஜு' என்பன அவ்வாறு வந்தவை. ஒரே அறையிலுள்ள மூன்று பொருள்களின் பெயர்களே இரு மொழிகளின் வணிக வரலாற்றையும் அரசியல் வரலாற்றையும் வேறுபடுத்திக் காட்டுகின்றன.

நாற்காலி, முக்காலி என்பன காலின் எண்ணிக்கையால் அமைந்த தமிழாக்கங்கள். இந்தித் 'திபாயீ' என்பதும் முக்காலி என்னும் பொருளதே. ஆங்கிலேயர் வழக்கில் அதன் முதலுறுப்பு தேநீரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் சாயலை ஏற்றது; தேநீர் வைக்கும் சிறுமேசைக்குப் பெயராயிற்று. பின்னர் அதுவே தமிழில் 'டீப்பாய்' என்று வந்தது. இன்றைய டீப்பாய்க்குப் பெரும்பாலும் நான்கு கால்கள். ஆங்கிலோ-இந்திய நாவலொன்றை மொழிபெயர்ப்பவர் மூலப்பொருளை நோக்கி முக்காலி என எழுதினால், வாசகர் மனத்தில் தோன்றுவது வேறொரு பொருள். டீப்பாய் என்பதே அவ்விடத்தில் சரியான சொல். அதனைக் கொச்சை என்று விலக்குதல் வரலாற்றை விலக்குவதாகும்.

திராவிட மொழிகளிலிருந்து புறஞ்சென்ற சொற்களும் உள. கட்டுமரம் உலக மொழிகள் பலவற்றில் வழங்குகிறது. ஆங்கிலத்தில் சிறுகட்டிலைக் குறிக்கும் 'காட்' என்பது இந்திக் 'காட்' வழியாகச் சமசுகிருதக் 'கட்வா'வைச் சேரும். அதனைக் கட்டு என்னும் திராவிட அடியோடும் கட்டில் என்பதோடும் தொடர்புபடுத்துவர். கட்டிலைக் கன்னடம் 'மஞ்ச' என்கிறது. தமிழில் மஞ்சம் இலக்கிய நடையில் மட்டுமே வழங்குகிறது.

7. மொழிபெயர்ப்புச் சிக்கல்கள்

மரம் என்னும் சொல் தமிழில் நிற்கும் தாவரத்தையும் வெட்டிய பொருளையும் ஒருங்கே குறிக்கும். கன்னட 'மர'வும் அவ்வாறே. ஆங்கிலம் இவற்றைத் தனித்தனிச் சொற்களாற் பிரிக்கிறது. இதனால் பழைய கட்டடங்களிலிருந்து எடுத்து மீண்டும் பயன்படுத்தும் மரத்துக்குத் தமிழில் பெயரிடுவது எளிதன்று. 'பழைய மரம்' எனின் முதிர்ந்த மரம் என்றும் பொருள்படும். சுருக்கிப் 'பழமரம்' எனின் அது கனிமரத்தைக் குறிக்கும் பழஞ்சொல்லோடு மயங்கும். 'மீட்கப்பட்ட மரம்' என்பது ஆங்கிலத் தொடரின் நேர்பெயர்ப்பு. அடகிலிருந்து மீட்டதைப் போன்ற பொருளைத் தருகிறது. கடைகளில் பொருளின் பெயரையே சொல்லிப் 'பழைய தேக்கு', 'பழைய நிலை', 'வீடு பிரித்த மரம்' என்றால் மயக்கம் எழுவதில்லை. பொதுப்பெயர் வேண்டுமிடத்து 'வீடு பிரித்த மரம்' என்னும் தொடர், நீளமாயினும், பொருளைத் தெளிவாக உணர்த்துகிறது.

மரத்தின் உட்பகுதி பற்றிய சொற்களில் தமிழ் வளமுடையது. அகத்தே வன்மையுடையவற்றை மரம் என்றும், புறத்தே வன்மையுடையவற்றைப் புல் என்றும் தொல்காப்பிய மரபியல் வகுத்தது. அவ்வன்மையைக் குறிக்கும் காழ் என்னும் சொல் வழக்கொழிந்தபோதிலும், அதன் இடத்தில் வைரம் என்பது தச்சரிடம் உயிருடன் உள்ளது. முதுமையிலும் உறுதி குன்றாதவரை வைரம் பாய்ந்த கட்டை என்று பொதுமக்களும் கூறுகின்றனர். வைரமற்ற வெளிப்பகுதிக்கு வெளிறு என்னும் சொல் அகராதிகளில் உண்டு. இவை இருக்கவும், 'இதய மரம்', 'சாற்று மரம்' என்று ஆங்கிலத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தல் வேண்டாத முயற்சி. காடி என்னும் சொல் வழக்கில் இருக்கும்போது 'நீள்பள்ளம்' என்று புதிதாக ஆக்கவேண்டுவதில்லை.

எல்லாப் பெயர்ப்புகளும் தவறு எனல் பொருந்தாது. விரிந்த வால்வடிவில் இரு பலகைகளைக் கோக்கும் முறைக்குப் 'புறாவால் இணைப்பு' என்னும் பெயர்ப்பு வடிவத்தைக் கண்முன் நிறுத்துகிறது. கற்போருக்கும் எளிதில் நினைவில் நிற்கிறது. ஒரு சொல் ஏற்றுக்கொள்ளப்படுவதற்கு அதன் பிறப்பிடத்தைவிட, பொருளை நோக்கிய கைக்கு அது உதவுகிறதா என்பதே முதன்மையான அளவுகோல்.

'பொழுதுபோக்கு' என்னும் சொல்லும் ஆராயத்தக்கது. வாரம் முழுவதும் உழைத்தபின் விடுமுறை நாளில் ஒரு சட்டத்தை நான்குமுறை இழைத்துச் சரிபார்க்கும் ஒருவரின் செயலைப் பொழுது போக்குதல் என்று குறிப்பது பொருந்துமா என்பது ஐயத்துக்குரியது. குறுந்தொகையின் 61ஆம் பாடல் தச்சன் செய்த சிறுதேரைக் கூறுமிடத்து, ஏறிச் செல்ல இயலாத சிறுவர் அதனைக் கையால் இழுத்தே மகிழ்வதைக் குறிப்பிடுகிறது. பயனை நோக்காது கையின் செயலிலேயே மகிழும் அம்மனநிலை இங்குக் கருதத்தக்கது. 'விருப்பத் தச்சு', 'ஓய்வுநேரத் தச்சு' போன்ற தொடர்கள் இவ்விடத்தில் ஓரளவு பொருந்தக்கூடும்.

8. தச்சரிடமிருந்து ஆய்வு நடைக்கு

தச்சுச் சொற்களைக் காப்பது தச்சருக்கு மட்டும் பயன்தரும் செயல் அன்று. இன்றைய தமிழ் ஆய்வு நடையே அவற்றைப் பெரிதும் சார்ந்துள்ளது. கோட்பாட்டாளர் கையாளும் 'சட்டகம்' மரச்சட்டத்தினின்று வந்தது. மொழிபெயர்ப்பாளர் கூடிப் பயிலும் 'பட்டறை' கொல்லர், தச்சரின் பணியிடமாகும். ஒரு கருத்தை ஆணித்தரமாக நிறுவுகிறோம். ஒருவரை அமைப்பின் அச்சாணி என்கிறோம். தனக்குரியதல்லாத வேலையில் தலையிட்டுத் துன்புறுவோரை ஆப்பசைத்த குரங்கு என்கிறோம். இச்சொற்கள் பழைய பொருளை இழக்காமலே புதிய பொருளையும் ஏற்றுள்ளன. புதிய துறைகளுக்குச் சொல் தேடுவோர் இதனைக் கருத்திற்கொள்ளவேண்டும். வேரிலிருந்து புதுச்சொல் படைப்பது ஒரு வழி. வழக்கிலுள்ள தொழிற்சொல்லின் பொருளை விரித்துக்கொள்வது மற்றொரு வழி. துரப்பணத்தின் வெற்றி இரண்டாவது வழியின் ஆற்றலைக் காட்டுகிறது.

9. முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிவுகளைப் பெறலாம். வைட்ஃபீல்ட் வட்டாரத்தின் தச்சுச் சொற்களில் திராவிடப் பொதுச்சொற்கள், வடமொழி மூலத்தன, போர்த்துக்கேயம் பாரசீகம் மராத்தி வழி வந்தன, ஆங்கில வழியின என அடுக்குகள் தெளிவாகப் புலப்படுகின்றன. மூலப்பொருளையும் பெயரையும் ஒருங்கே நோக்கினாலன்றி இவ்வடுக்குகளைப் பிரித்தறிதல் அரிது. மொழிபெயர்ப்பில் நேரும் பிழைகளிற் பல, சொல் இல்லாமையால் அன்றி, இருக்கும் சொல்லை அறியாமையால் நேர்வன.

தெலுங்கில் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி மேற்கொண்ட தொழிற்சொல் ஆய்வு இங்கு முன்மாதிரியாகக் கொள்ளத்தக்கது. உழவுத்தொழில் பற்றிய அதன் முதல் தொகுதி 1962இல் வெளிவந்தது. களத்தில் திரட்டிய சொற்களை வட்டார வேறுபாட்டுடன் அது பதிவுசெய்தது. தச்சுத்தொழிலுக்கு இத்தகைய பணியைத் தமிழும் கன்னடமும் அருகருகே வழங்கும் இடங்களில் தொடங்குதல் நலம். மல்லேசுவரத்தில் 1988 முதல் இயங்கிவரும் மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் மரத்தின் இயல்பை ஆராய்கிறது. அதன் பெயர்களை ஆராய்வது மொழியியலாரின் கடமை.

இப்பணிக்குக் காலம் மிகுதியாக இல்லை. இழைப்புளி, வாய்ச்சி, காடி என்னும் சொற்களைப் பேச்சில் இயல்பாக வழங்கும் தச்சர் முதியோராகிவிட்டனர். அவர்தம் மக்களிற் பலர் வேறு தொழில்களுக்குச் சென்றுவிட்டனர். மறுபுறம், அத்தொழிலை விரும்பிக் கற்பதற்கு, எழுதவும் படிக்கவும் பதிவுசெய்யவும் வல்ல ஒரு புதிய பிரிவினர் முன்வந்துள்ளனர். அவர்களுள் தமிழரும் உளர். முதிய தச்சர் ஒருவரை அணுகி இணைப்பு முறையைக் கேட்டறியும்போது, அதன் பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ளுதல் அவர்களுக்கு எளிது. நூறாண்டுத் தேக்கைக் குப்பைக்குச் செல்லாமல் தடுக்கும் அதே கை, அத்தேக்கை இழைத்தவனின் சொல்லையும் காக்கக்கூடும்.